ஈரம் காயாத கோடு

என் மனைவி சுடுவாள். திருகாணிகளை நான் பார்த்துக்கொள்வேன். எங்களுக்குள் வேலைப் பங்கீடு அப்படித்தான் அமைந்தது.

அவள் சேலையூரில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியை. சர்க்கரை நோய் உண்டு. அவளுடைய அக்காவுக்கும் அதே நோய். அக்கா மருத்துவரிடம் கண்ணைக் காட்டாமலே வருடங்களைத் தள்ளிக்கொண்டு போனார். இப்போது நாவலூரில் மகன் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, வெயில் முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்பதை வைத்துப் பொழுது சொல்கிறார். வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் மனைவி பஸ்ஸில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வருவாள். ஆனால் நாமும் ஒருமுறை கண் மருத்துவரிடம் போய் வரலாம் என்றால் பள்ளியில் தேர்வு என்பாள், திருத்த வேண்டிய தாள் கிடக்கிறது என்பாள். போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான்.

அதற்குப் பதிலாகத் துப்பாக்கி சுடப் போனாள். பள்ளிப் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக ஒரு குண்டு சுட்டுப் பார்த்தாள். அது நடு வட்டத்தில் போய் உட்கார்ந்தது. அதோடு பிடித்துக்கொண்டாள்.

"இருபது மீட்டர் தள்ளி, பொட்டு சைஸ் வட்டம். அத அடிக்கிறேன். இதவிடப் பெரிய கண் டெஸ்ட் எந்த ஆஸ்பத்திரில இருக்கு?" என்பாள்.

குண்டு வட்டத்துக்குள் விழுகிற வரை அவள் கண் நன்றாக இருக்கிறது. அவள் போட்டுவைத்த கணக்கு அது. அந்தக் கணக்கை நம்பித்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நாங்கள் போன இடம், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஓடாமல் நின்றுபோன ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். நீளமான அறை. பந்திக்காகக் கட்டியது, இப்போது துப்பாக்கி சுடும் கூடம். ஒரு கோடியில் நின்று சுட்டால் மறுகோடியில், கை கழுவும் தொட்டிகளுக்கு மேலே, அட்டையில் ஓட்டை விழும். ஒவ்வொரு சுடுதலுக்கும் சத்தம் போய்ச் சுவரில் மோதி, சற்றுத் தாமதித்து, வேறு யாரோ சுட்டது போலத் திரும்பி வரும். மணமகள் அறை என்று எழுதிய பலகையை யாரும் கழற்றவில்லை. அந்த அறையில்தான் துப்பாக்கிப் பைகளை வைப்போம்.

அவளுடையது காற்றுத் துப்பாக்கி. உள்ளே அழுந்தியிருக்கும் சுருள்வில் விடுபடும்போது முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னால் இழுக்கும். தோளுக்கு அது பெரிதாகத் தெரியாது. மேலே பொருத்தியிருக்கும், குறிபார்க்கும் குழாயான ஸ்கோப்புக்குத் தெரியும். ஒவ்வொரு குண்டுக்கும் இரு பக்கமும் குலுங்கிக் குலுங்கி, ஸ்கோப்பைக் கவ்வியிருக்கும் வளையங்களின் திருகாணிகள் மயிரிழை மயிரிழையாகக் கழலும். கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவு, இருபது மீட்டர் தள்ளி அட்டையில் விரற்கடை அளவாகிவிடும்.

மறைமலை நகரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரச் சோதனை என் வேலை. அதனால் திருகாணி கழல்வதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இழைகளில் துளி எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, கழலாமல் பிடிக்கும் நீலப் பசையை ஒரு சொட்டு வைப்பேன். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, வளையத்தின் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கும்படி இறுக்க வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும். பசை இறுக ஒரு நாள் விட வேண்டும். கடைசியாக, எங்கள் தொழிற்சாலையில் செய்வது போலவே, திருகாணித் தலையிலிருந்து வளையம் வரை ஒரு மெல்லிய கோடு. அதற்கு அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷ். திருகாணி திரும்பினால் கோடு முறிந்துவிடும். சந்தேகப்படவே வேண்டாம்.

ஆயுத பூஜைக்குப் பிறகு முதல் தடவையாகக் குண்டுகள் அலைய ஆரம்பித்தன. ஒன்று மேலே, ஒன்று இன்னும் மேலே, அடுத்தது அட்டையைத் தாண்டிப் பலகையில். அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி சுட்டாள். அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

நான் ஸ்கோப்பைப் பிடித்து அசைத்தேன். ஆடியது. கோடுகளைப் பார்க்கலாம் என்றால் கோடுகளே இல்லை. வளையம் முழுக்க வழவழவென்று எண்ணெய். திருகாணிக் குழிகளில் சந்தனம் காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது.

கூடத்தைத் திறந்து மூடி, அட்டை மாட்டும் ஊழியரிடம் கேட்டேன். எங்கள் வயதுதான் இருக்கும் அவருக்கு.

"ஆமா சார், நான்தான் பூஜைக்கு எல்லாத்தியும் நல்லெண்ண போட்டுத் தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சேன். டீச்சரோடது கொஞ்சம் ஸ்பெஷலாவே வச்சேன்."

"திருகாணி மேலயுமா?"

"பின்ன? எட்டு ஆணி கீது, எட்டுக்கும் எட்டு பொட்டு. ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்கலன்னா துப்பாக்கி இன்னா சார் நெனைக்கும்?"

"இழையில எண்ணெய் போனா கழண்டுடும்ணே."

"சிவப்பா ஏதோ கோடு கோடா அழுக்கு இருந்துச்சு. அதையும் சொரண்டி எடுத்துட்டேன்" என்றார் பெருமையாக.

என் மனைவி சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. "கண்ணு இல்ல, ஸ்க்ரூ!" என்றாள். "கேட்டீங்களா? ஸ்க்ரூ!" அன்று கேம்ப் ரோட்டில் இறங்கி எங்கள் இருவருக்கும் சேர்த்து அவளே பூ வாங்கினாள். எனக்கெதற்குப் பூ என்று கேட்டதற்கு, சாமி படத்துக்கு உன் பங்கு என்றாள். சந்தோஷமாக இருந்தால்தான் என்னை நீ என்பாள்.

நான் எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து, முறைப்படி இறுக்கி, புதிதாகக் கோடு போட்டேன். குண்டுகள் வட்டத்துக்குத் திரும்பின.

மழை பிடித்துக்கொண்ட பிறகு இரண்டாவது தடவை குறி தவறியது. இந்த முறை குண்டுகள் அலையவில்லை. எல்லாம் ஒரே பக்கம் போயின. நடு வட்டத்தை விட்டு, இடது கீழ் மூலையில், அடுத்தடுத்து, நெருக்கமாக. அங்கே இன்னொரு வட்டம் இருந்து, அது அவளுக்கு மட்டும் தெரிவது போல.

"ஸ்கோப் சாஞ்சிருக்குங்க. உள்ள குறுக்குக் கோடு வளைஞ்சு தெரியுது."

நான் வாங்கிப் பார்த்தேன். குறுக்குக் கோடு நேராக இருந்தது. ஒரு குண்டு சுட்டேன். நடு வட்டம். இன்னொன்று. நடு வட்டம். நான் நன்றாகச் சுடுபவன் இல்லை. துப்பாக்கியை அவளிடம் கொடுத்தேன். இடது கீழ் மூலை.

மழை வெளிச்சத்தில் கூடம் சாம்பல் நிறமாக இருந்தது. ஊழியர் அட்டையைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"இந்த மண்டபம் ஏன் ஓடலன்னு தெரியுமா சார்? பந்தி நடந்துகினு இருக்கச் சொல்லோ பொண்ணு எழுந்து போய்ட்ச்சாம். எலையெல்லாம் போட்டது போட்டபடி. தோ, இந்த எடத்துலதான். இப்ப குண்டு போவுதே, அந்த மூல வாசல் வழியாத்தான் போச்சாம்."

"அதுக்கும் ஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் நின்னு போனதுதானே சார் பிரச்சனையே. ஒரு எலுமிச்சம்பழம் கட்டிப் பாக்கலாம்."

"கட்டுங்க, ஆனா எண்ணெய் மட்டும் போட்டுடாதீங்க" என்றாள் என் மனைவி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் துப்பாக்கியின் வளையத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

துப்பாக்கியோடு வீட்டுக்கு வந்ததும், தொழிற்சாலையில் நான் பயன்படுத்தும் சிறிய லென்ஸைக் கேட்டாள். ஒரு கண்ணில் வைத்துப் பார்க்கிற வகை. அதை வலது கண்ணில் பொருத்தி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு திருகாணிகளின் மேல் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு நிமிர்ந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"மூணாவது முறிஞ்சிருக்கு! வந்து பாருங்க, கோடு நல்லாவே முறிஞ்சிருக்கு!"

நான் பார்த்தேன். மூன்றாவது திருகாணியின் கோடு, நான் போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தலையிலிருந்து வளையத்துக்கு, ஒரே இழுப்பாக.

"எனக்கு நேராத்தான் தெரியுது."

"நேர்கோடு எதுன்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போர்டுல அதத்தான் போட்டுட்டு வரேன்."

திருகாணிக் குழியில் நுழையும் ஆலன் கீயை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். திருகாணி அசையவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"இறுகித்தான் இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

கழற்றினேன், துடைத்தேன், பசை வைத்தேன், இறுக்கினேன், கோடு போட்டேன். அடுத்த ஞாயிறு அவள் குண்டுகள் அதே மூலைக்குப் போயின. அங்கே கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்று பாய்ந்தது. ஊழியர் அதை அவிழ்த்து எடுத்துப்போய் வெளியே போட்டார். வீட்டில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது மூன்றாவதோடு நான்காவதும் முறிந்திருக்கிறது என்றாள். அதற்கடுத்த முறை, எட்டுமே முறிந்திருக்கிறது என்றாள்.

எனக்கு அப்போது தோன்றியவற்றைச் சொன்னால் சிரிப்பார்கள். கூடத்தில் விடாமல் கொண்டுவந்த துப்பாக்கிப் பை எங்கள் படுக்கையறை பீரோவில் பூட்டி இருக்கும். அதன் ஜிப்பின் மேல் குறுக்காக ஒரு நூலிழையை ஒட்டிவைத்தேன். மறுநாள் பார்த்தால் நூல் அப்படியே இருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். யாரும் தொடாத திருகாணியின் மேல், நான் பார்த்தால் நேராகவும் அவள் பார்த்தால் முறிந்தும் ஒரு கோடு. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ ஒன்று அசைவதை நிறுத்திக்கொள்கிறது என்ற நினைப்பு வந்தது. அவள் தூங்கும்போது மூடிய இமைகளைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஒருவேளை சரியில்லாதது என் கண்ணோ என்றும் யோசித்தேன். அப்படி இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

ஒவ்வொரு முறையும் கோடு முறிந்திருப்பதைக் காணும்போது அவள் அடைந்த சந்தோஷம்தான் தாங்க முடியாததாக இருந்தது. "இன்னும் கழண்டிருக்கு" என்பாள், பரீட்சையில் தேறிய பிள்ளை போல. ஒரு தடவை ஆலன் கீயை நுழைத்துவிட்டு, சும்மா கால் சுற்று திருப்பிவிடலாமா என்று நின்றேன். திருப்பிவிட்டால் அவள் சொல்வது உண்மையாகிவிடும். கீயை உருவி மேஜைமேல் வைத்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு மதியம். வெளியே நல்ல மழை. எங்கள் தெரு முனையில் தண்ணீர் ஏறிவிட்டதால் கூடத்துக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்துத் துப்பாக்கியை வைத்தேன். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"என் கண்ணு முன்னாடியே போடுங்க" என்றாள்.

பழைய கோடுகளை எல்லாம் துடைத்தேன். முதல் திருகாணியின் இறுக்கத்தைச் சரிபார்த்தேன். நெயில் பாலிஷ் தூரிகையை விளிம்பில் வழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கோடு இழுத்தேன். மணம் எழுந்தது. கோடு பளபளவென்று ஈரமாக இருந்தது.

"இப்ப பாரு."

லென்ஸை வலது கண்ணில் வைத்து, இடது கண்ணை மூடிக் குனிந்தாள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"முறிஞ்சிருக்கு" என்றாள்.

நான் தூரிகையைச் சீசாவில் செருகி மூடினேன்.

"இன்னும் காயவே இல்ல" என்றாள் மெதுவாக. "காயறதுக்குள்ள முறிஞ்சிருக்கு."

லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இடது கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே, ஒரு கண்ணோடு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல முன்னால் நகர்ந்தேன்.

"நகராதீங்க."

"ஏன்?"

"உங்க முகம் இந்தப் பக்கம் உள்ள போயிருக்கு."

என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவள் கையை எட்டி, நான் தொட்ட இடத்தையே தொட்டாள். விரல்கள் கன்னத்தில் பட்டதும் குழம்பியவள் போல எடுத்துக்கொண்டாள். பிறகு எழுந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடியபடி சமையலறைக்குப் போய், அடுப்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை டைல்ஸ் சுவருக்கு முன்னால் நின்றாள். கட்டம் கட்டமாக, குறுக்கும் நெடுக்கும் சாம்பல் கோடுகள் ஓடும் சுவர். வீடு கட்டியபோது கொத்தனாரைப் பிடித்து, நூல் பிடித்து ஒட்டவைத்தவன் நான்தான்.

"நடுவுல யாரோ கைய வச்சு அமுக்கின மாதிரி இருக்கு" என்றாள். "சுத்தி எல்லாம் நேரா இருக்கு. நடுவுல மட்டும் குழி."

ஆள்காட்டி விரலை ஒரு கோட்டின் ஆரம்பத்தில் வைத்து, அது ஓடும் வழியே நகர்த்தினாள். விரல் சுவரில் நேராகப் போனது.

"விரல் நேராப் போகுது. கோடு வளைஞ்சு போகுது. விரலும் கோடும் சேர்ந்தே வளையுது, ஆனா கை நேரா போகுதுன்னு சொல்லுது." திரும்பாமலே கேட்டாள்: "எத நம்பறது?"

"விரல நம்பு."

உள்ளங்கையை எடுத்து இரண்டு கண்ணாலும் பார்த்தாள். மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது இடது கண் எல்லாவற்றையும் நேராக்கிக் காட்டியிருக்கிறது. சுடும்போதும் லென்ஸில் பார்க்கும்போதும் மட்டும்தான் வலது கண் தனியாக விடப்பட்டிருக்கிறது.

"அக்கா ஒரு தடவ சொன்னா" என்றாள். "கதவு நிலை வளைஞ்சிருக்கு, மழைல மரம் ஊதிப்போச்சுன்னு. ஆசாரிய வரச் சொல்லி எழைச்சாங்க. நானும்தான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அன்றைக்கு அவள் அழவில்லை. சாயங்காலம் வரை அந்தச் சுவரைப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன்.

மறுநாள் அவளே பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தாம்பரத்தில் கண் மருத்துவமனைக்குக் கிளம்பினாள். மருத்துவர் இளம் பெண். கட்டங்கள் அச்சடித்த ஒரு அட்டையை அவள் முன் நீட்டி, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"இது எங்க வீட்டுச் சமையலறையிலயே இருக்கு மேடம்" என்றாள் என் மனைவி. "நடுவுலேர்ந்து கீழ இடது பக்கமா குழி. வேணும்னா வரைஞ்சே காட்டறேன்."

வரைந்து காட்டினாள். சர்க்கரையால் ரத்தக் குழாய்கள் கசிந்து, விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். இடது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது; அது அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதாமாதம். பழையபடி ஆகுமா என்று கேட்டேன். "இதுக்கு மேல போகாம பிடிச்சு வைக்கலாம். கொஞ்சம் திரும்ப வரலாம். எவ்வளவுன்னு ஊசி போட்டுப் பாத்தாதான் தெரியும்" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஸ்க்ரூ கழன்றதாக நினைத்தோம் என்று என் மனைவி சொன்னாள். மருத்துவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

முதல் ஊசிக்கு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள், "ஊசி வரும்போது தெரியுது. அதுவும் வளைஞ்சுதான் வந்துது" என்றாள். வீடு வரும் வரை என் கையை விடவில்லை.

இப்போது சில ஊசிகள் ஆகிவிட்டன. அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா, இரண்டு கண்ணுக்கும் போட்டுக்கொள், ஒன்றுக்கு மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடாதே என்றாராம். துப்பாக்கியை இனி இடது தோளில் வைத்துப் பழகலாமா என்று யோசிக்கிறாள். அவசரமில்லை என்கிறாள்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் சுவர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடுவாள். நான் அடுப்பருகே காப்பியோடு நிற்பேன். ஆரம்பத்தில் குழி அகலமாக இருந்தது, கையளவு டைல்ஸ் உள்ளே போயிருந்தன. மாதம் போகப் போக ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஒரு வாரம் நின்றுபோகும். ஒரு வாரம் ஒன்று மறுபடி சரியும். அந்த நாட்களில் நாங்கள் வேறு எதையாவது பேசுவோம்.

"இன்னிக்கு?"

"ஒண்ணு."

ஒரே ஒரு டைல் மட்டும் பாக்கி. அது எது என்று எனக்குத் தெரியும்; அதன்மேல் விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். கரண்டி மாட்டும் கொக்கியை அங்கே அடிக்கலாம் என்று ஒருமுறை சொன்னேன். வேண்டாம், அது தெரிய வேண்டும் என்றாள். அவள் கிளம்பிப் போன பிறகு, பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு, நானும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்ப்பேன். பிறகு மறு கண்ணை. நேராகத்தான் இருக்கிறது. அப்படியும் அங்கிருந்து உடனே வர முடிவதில்லை. அருகில் போய், அதன் நடுவில் விரலை வைத்து, அழுத்திப் பார்க்கிறேன்.